ஃபியட் கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது, பெட்ரோல் பம்ப் எங்கே கிடைக்கும்? அவசரம்

தக்கலைப்பையன்:
அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் ஃபியட் பத்மினி பல வருஷமாக மணவாளக்குறிச்சி குடும்ப வீட்டு ஷெட்டில் கிடந்தது. இப்போது தக்கலைக்குக் கொண்டுவந்து ஓட வைத்திருக்கிறோம். நன்றாக ஸ்டார்ட் ஆகிறது, கொஞ்ச தூரம் போனதும் நின்றுவிடுகிறது. சற்று நேரம் கழித்து எடுத்தால் மறுபடி ஓடும். டேங்கிலிருந்து என்ஜினுக்குப் பெட்ரோலை இழுக்கும் பம்ப் போய்விட்டது என்கிறார் மெக்கானிக். நாகர்கோவிலில் கேட்ட கடைகளில் எல்லாம் இல்லை என்கிறார்கள். பம்ப் முழுதாகவோ ரிப்பேர் கிட்டாகவோ எங்கே கிடைக்கும்? அடுத்த மாதம் தங்கை கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அப்பா வண்டியில்தான் கூட்டிப்போக வேண்டும் என்று அம்மா சொல்லிவிட்டார். தெரிந்தவர்கள் உடனே சொல்லுங்கள்.

குளச்சல்காரன்:
என்ன வருஷ வண்டி? ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கும் ஹேண்ட் கியரா, கீழே கியரா? டக்கென்று நிற்கிறதா, திக்கித் திக்கி நிற்கிறதா? "கொஞ்ச தூரம்" என்றால் எவ்வளவு? "சற்று நேரம்" என்றால்? இதெல்லாம் தெரியாமல் பம்ப் வாங்கச் சொல்ல முடியாது தம்பி.

ஆரல்காற்று:
கண்டென்சர்தான். பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் விரல் தடிமனில் ஒரு சின்ன உருளை இருக்கும், அதுதான். சூடானால் கரண்ட் உள்ளேயே கசியும், பிளாட்டினம் பாயின்ட்டில் பொறி அடிக்கும், பிளக்கில் பொறி செத்துவிடும். ஆறினால் மறுபடி உயிர் வரும். நீங்கள் சொல்கிற அடையாளம் அச்சு அசல் இதேதான். என் மாமாவின் அம்பாசடரில் இதற்காகக் கார்ப்ரேட்டரையே மாற்றினார்கள், கடைசியில் கண்டென்சர். விலையும் ரொம்ப இல்லை, கண்ணை மூடிக்கொண்டு மாற்றுங்கள்.

கருங்கல்வாசி:
நான் மெக்கானிக் பக்கம். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் கால ரப்பர் அதைத் தாங்காது. பம்ப்புக்குள் இருக்கும் ரப்பர் சவ்வு, அதாவது டயாஃப்ரம், ஊறி விரியும், பிறகு கிழியும். ஆயில் ஸ்டிக்கை உருவி முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ டயாஃப்ரம் கிழிந்து பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்குகிறது என்று அர்த்தம். அப்படி இருந்தால் ஓட்டவே ஓட்டாதீர்கள், பேரிங் போய்விடும்.

சோலெக்ஸ்32:
இதே கேள்விக்குப் பலமுறை பதில் எழுதியாகிவிட்டது. தேடிப் படித்துவிட்டு வந்திருக்கலாம். வருஷம் இல்லை, படம் இல்லை, "அவசரம்" மட்டும் இருக்கிறது. பத்மினி என்று எழுதியிருக்கிறீர்கள், அது பத்மினிதானா என்பதாவது உறுதியா? 1964 முதல் மும்பை குர்லாவில் செய்தது ஃபியட் 1100 டிலைட். பத்மினி என்ற பெயர் 1974-ல்தான் வந்தது. கிரில்லும் விளக்குக் கண்ணாடியும் மாடலுக்கு மாடல் மாறும். தவறான பெயரைச் சொல்லிப் பார்ட்ஸ் கேட்டால் தவறான பார்ட்ஸ்தான் வரும். முதலில் ஆர்.சி.யைப் பாருங்கள்.

தக்கலைப்பையன்:
ஆர்.சி.யில் 1972 என்று இருக்கிறது. ஹேண்ட் கியர். தக்கலையிலிருந்து எடுத்தால் வில்லுக்குறி தாண்டுவதற்குள் நின்றுவிடும். ஆயிலில் பெட்ரோல் வாடை இல்லை. கண்டென்சர் புதிது போட்டுவிட்டோம், அப்படியேதான் இருக்கிறது. பம்ப் எங்கே கிடைக்கும் என்று யாராவது சொல்லுங்களேன்.

ஆரல்காற்று:
இப்போது வருகிற கண்டென்சரில் பாதி கடையிலிருந்து வரும்போதே செத்ததுதான். இன்னொன்று போட்டுப் பாருங்கள்.

குளச்சல்காரன்:
பம்ப்புக்குச் சென்னையில் ஜி.பி. ரோடும் புதுப்பேட்டையும் பாருங்கள். அங்கே இல்லாவிட்டால் மும்பை குர்லா பக்கம் விசாரிக்க வேண்டும். 2023 அக்டோபரில் மும்பையின் கடைசி பத்மினி டாக்சியும் ரோட்டை விட்டுப் போய்விட்டது. அந்த டாக்சிகளை நம்பித்தான் பார்ட்ஸ் வியாபாரமே ஓடியது, இனிமேல் சுருங்கத்தானே செய்யும். அதனால் நல்ல சரக்கு கண்ணில் பட்டால் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வையுங்கள். பெயர் மாறினாலும் என்ஜின் அதே 1089 சி.சி.தான், பம்ப்புக்குப் பத்மினி கிட் என்று கேட்டால் போதும். நம்ம ஊர் ஆக்கர் கடைகளையும், அதான் பழைய இரும்புக் கடைகளையும், விடாதீர்கள். மார்த்தாண்டத்தில் ஒரு கடையின் பின்பக்கம் தென்னை ஓலைக்கடியில் முழு ஹேண்ட் கியர் ராடு கிடந்ததை நானே எடுத்திருக்கிறேன்.

பத்மநாபபுரத்தான்:
தம்பி, 1972 என்றால் 50 வருஷம் தாண்டியாச்சு. வின்டேஜ் பதிவுக்குப் போகலாமே? 2021-ல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. "விஏ" எழுத்தோடு தனி நம்பர் கிடைக்கும், 10 வருஷம் செல்லும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்.

சோலெக்ஸ்32:
விதியை முழுதாகப் படித்துவிட்டுச் சொல்லுங்கள். அந்தப் பதிவு எடுத்தால் வண்டியை அன்றாடம் ரோட்டில் ஓட்டக்கூடாது. கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுதல், பராமரிப்பு, அவ்வளவுதான். அவர் தங்கை கல்யாணத்துக்கு வண்டி கேட்கிறார், நீங்கள் அதைக் காட்சிப் பொருளாக்கச் சொல்கிறீர்கள்.

பத்மநாபபுரத்தான்:
கல்யாணம் ஒரு நாள் சார். வண்டி இன்னும் 50 வருஷம் இருக்க வேண்டாமா? பாதுகாக்க வேண்டும் என்று அரசே ஒரு வழி காட்டும்போது அதை ஏன் தள்ள வேண்டும்?

ஈத்தாமொழித்தென்னை:
ரெண்டு பேரும் விடுங்கள். ஒரு சின்ன டீசல் என்ஜினை இறக்கிவிட்டால் இந்தப் பெட்ரோல் பம்ப்பும் வேண்டாம், கண்டென்சரும் வேண்டாம். ஃபியட்டில் டீசல் போட்டு ஓட்டியவர்கள் எங்கள் ஊரில் நிறைய.

பத்மநாபபுரத்தான்:
அய்யோ, அந்தக் காரியம் மட்டும் செய்துவிடாதீர்கள்! என்ஜினை மாற்றினால் வின்டேஜ் பதிவு கிடையாது, அசல் உருவில் இருக்க வேண்டும் என்பதுதான் முதல் நிபந்தனை. அப்பா ஓட்டிய என்ஜின், அதன் சத்தம் போய்விட்டால் அப்புறம் என்ன வண்டி?

ஈத்தாமொழித்தென்னை:
ஓடாத வண்டிக்கு என்ன சத்தம் அண்ணே? ஓட வேண்டும், அதுதான் முக்கியம். ஷெட்டில் நின்று துருப்பிடிப்பதைப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்கு மனசு வராது.

குலசேகரம்பட்டறை:
கேள்விக்கு வருகிறேன். முப்பது வருஷத்துக்கு மேல் இந்த வேலைதான் செய்கிறேன். தம்பி, எனக்கு ஒன்று மட்டும் சொல்லுங்கள். வண்டியை ஓட்டாமல், நின்ற இடத்திலேயே ஐடிலிங்கில் அரை மணி நேரம் விட்டால் நிற்கிறதா?

தக்கலைப்பையன்:
இல்லை அண்ணே, நிற்காது. வீட்டு முற்றத்தில் எவ்வளவு நேரம் விட்டாலும் ஓடும். ரோட்டில் போனால்தான், அதுவும் மிதித்தால் சீக்கிரம் நிற்கும். திக்கித் திக்கித்தான் நிற்கும்.

குலசேகரம்பட்டறை:
அப்படியானால் சூட்டுக் கோளாறு இல்லை. நின்ற இடத்தில் காற்றே படாது, என்ஜின் அறை ரோட்டைவிட நன்றாகக் கொதிக்கும். கண்டென்சரோ, பிளக்குக்குப் பொறி தருகிற காயிலோ, சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைக்கிற வேப்பர் லாக்கோ என்றால் முற்றத்திலேயே படுத்திருக்கும். ஐடிலிங்கில் பெட்ரோல் கொஞ்சம்தான் வேண்டும், மிதித்தால் நிறைய வேண்டும். அந்த நிறைய வரவில்லை. பம்ப்பைச் சொல்வதற்கு முன்னால் டேங்கைப் பாருங்கள்.

மணவாளக்குறிச்சிக் கடல்காற்றில் பாதி காலியாக நின்ற டேங்க். இரண்டு மழையும் அடிக்கிற மாவட்டம் நமது, காற்றில் ஈரம் வற்றவே வற்றாது. மேல்பாதி உள்ளுக்குள்ளே துருப்பிடித்து உதிர்ந்திருக்கும். எத்தனால் பெட்ரோல் போட்டதும் ஒட்டிக்கிடந்த பழைய பிசினும் துருவும் இளகிக் கீழே இறங்கும். பம்ப் வேகமாக இழுக்கும்போது அந்தத் துரு உறிஞ்சுகுழாய் வாயில் போய் அப்பிக்கொள்ளும். வண்டி நிற்கும். இழுப்பு நின்றதும் துரு தானாக உதிர்ந்து அடியில் படியும், வண்டி மறுபடி ஸ்டார்ட் ஆகும். சூட்டில் நின்று ஆறின பிறகு எடுப்பது போலவே தெரியும், அதனால்தான் எல்லோரும் அங்கேயே தேடுகிறார்கள்.

சோதிப்பது லேசு. வண்டி நின்றதும் ஓரமாகத் தள்ளி, என்ஜின் நன்றாக ஆறட்டும். யாரும் பீடி சிகரெட் பற்ற வைக்கக்கூடாது. டேங்க் மூடியைத் திறந்துவிட்டு, பம்ப்புக்கு வருகிற குழாயைக் கழற்றி, சைக்கிள் பம்ப்பால் டேங்க் பக்கம் பார்த்து ஊதுங்கள். முதலில் கையில் தடுக்கும், அப்புறம் பொளக் என்று விட்டு டேங்கில் குமிழி சத்தம் கேட்கும். மாட்டிவிட்டு எடுங்கள். பழையபடி நன்றாகப் போய் மறுபடி நின்றால் டேங்க்தான், சந்தேகமே வேண்டாம்.

இன்னொன்று. இதைவிட முக்கியம். இத்தனை வருஷம் நின்ற வண்டியில் நாலு பிரேக் டிரம்மையும் கழற்றி, உள்ளே பிரேக்கைத் தள்ளுகிற வீல் சிலிண்டரைப் பார்த்தீர்களா? இரண்டு பேரைக் கல்யாணத்துக்கு ஏற்றப்போகிறீர்கள். ரப்பர் எல்லாம் இறுகிப்போயிருக்கும். பெடல் நன்றாக இருக்கிறது என்று நம்பாதீர்கள். பிரேக் ஹோஸ் வெளியே முழுசாகத் தெரிந்தாலும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும், மாற்றிவிடுங்கள்.

கருங்கல்வாசி:
உண்மைதான், துருவை விட்டுவிட்டு நான் ரப்பரையே பிடித்துக்கொண்டிருந்தேன். ஆனாலும் அந்த டயாஃப்ரத்தைப் புதிதாகப் போடுங்கள், எத்தனால் தாங்குகிற ரப்பரா என்று கேட்டு வாங்குங்கள்.

சோலெக்ஸ்32:
நானும் டேங்கைத்தான் அடுத்து சொல்ல இருந்தேன்.

ஆரல்காற்று:
சைக்கிள் பம்ப் சோதனை முடிந்ததும் எழுதுங்கள். எனக்கு இன்னும் காயில் மேல் சந்தேகம் இருக்கிறது.

தக்கலைப்பையன்:
டேங்க்தான் அண்ணே. ஊதினதும் பார்வதிபுரம் வரை நிற்காமல் போனது, அப்புறம் நின்றது. டேங்கை இறக்கிக் கவிழ்த்தால் செம்மண் குழம்பு மாதிரி வருகிறது. அடியில் ஒரு இடத்தில் ஊசிமுனை அளவு ஓட்டையும் இருக்கிறது, வெல்டிங் கடைக்கு நாளைக்குக் கொடுக்கிறோம். பின் இரண்டு வீல் சிலிண்டரும் ஒழுகல், கிட் தேடுகிறேன். ரொம்ப நன்றி.

குலசேகரம்பட்டறை:
தம்பி, நாளைக்குக் கொடுக்காதீர்கள், நில்லுங்கள். காலி டேங்க் என்று நினைத்து வெல்டிங் டார்ச் வைத்தால் வெடிக்கும். உள்ளே இருக்கும் ஆவிதான் ஆபத்து, நிறைந்த டேங்கைவிடக் காலி டேங்க் மோசம். சோப்புத் தண்ணீரும் வெந்நீருமாக மாற்றி மாற்றிக் கழுவி, வாடை முழுக்கப் போன பிறகும் நேரே வெல்டிங்குக்குப் போக வேண்டாம். ஊசிமுனை ஓட்டைக்கு ரேடியேட்டர் பட்டறையில் ஈயப்பற்று வைத்தாலே போதும். அங்கேயும் சொல்லுங்கள், தண்ணீர் நிரப்பி, ஓட்டை இருக்கும் பக்கத்தை மட்டும் மேலே திருப்பி வைத்து, நெருப்பு காட்டாமல், பற்று வைக்கிற இரும்பைத் தனியே சூடாக்கிப் பற்று வைக்கட்டும். உள்துருவுக்கு ஒரு கைப்பிடி சின்ன நட்டு போல்ட்டு போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள், போட்டதை எண்ணி எடுங்கள். கழுவின அன்றே வெயிலில் காய வைத்துப் பெட்ரோல் ஊற்றிவிடுங்கள். ஈரத்தோடு ஒரு ராத்திரி கிடந்தால் மறுபடி சிவந்துவிடும். பம்ப்புக்கு முன்னால் உள்ளே தெரிகிற மாதிரி ஒரு ஃபில்டர் போட்டுக்கொள்ளுங்கள். வீல் சிலிண்டர் கிட் வந்து பிரேக் குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றி ஏர் எடுக்கும்வரை வண்டியை முற்றத்தை விட்டு இறக்க வேண்டாம்.

பத்மநாபபுரத்தான்:
தம்பி, பிரேக் கிட் கிடைத்ததா? என்னிடம் முன்பக்கத்துக்கு ஒரு செட் இருக்கிறது, வேண்டுமானால் வந்து எடுத்துக்கொள்ளுங்கள்.