நிலைபொருளா, வார்பொருளா? வருடிக்கு அனுப்பும் கோப்புக்கு ஒரு சொல்

நண்பர்களுக்கு வணக்கம்.

மாங்குளத்துக்கு அருகிலுள்ள எங்கள் வாசிகசாலையில், இடப்பெயர்வுகளின்போது பொலித்தீன் பைகளில் சுற்றிக் காப்பாற்றப்பட்ட காணி உறுதிகளையும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்களையும் படியெடுப்பதற்காக, பழைய எப்சன் பெர்ஃபெக்‌ஷன் 1670 வருடியொன்றை (ஸ்கானர்) டெபியன் லினக்ஸ் கணினியுடன் இணைத்தோம். சாதனமொன்றை உள்ளிருந்து இயக்கும் நிரலை ஆங்கிலத்தில் ‘ஃபேர்ம்வெயார்’ என்றும் தமிழில் ‘நிலைபொருள்’ என்றும் சொல்கிறோம். அச்சொல்லைப் பற்றி அப்போது எழுந்த சிக்கலொன்றை இங்கே முன்வைக்கிறேன்.

வருடிகளை இயக்கும் ஸேன் மென்பொருள் தொகுப்பை நிறுவியபின், ‘ஸ்கான்இமேஜ் -எல்’ (பெரிய எழுத்து எல்) என்ற கட்டளை வருடியின் பெயரைச் சரியாகவே காட்டியது. ஆனால் வருடச் சொன்னால் பிழைச்செய்திதான் வந்தது. இவ்வகை வருடி, தான் இயங்குவதற்கு வேண்டிய நிரலைத் தன்னுள் வைத்திருப்பதில்லை. மின்சாரம் நின்றால் அது போய்விடும். கணினிதான் மறுபடியும் யூஎஸ்பி வழியாக அனுப்ப வேண்டும். அந்த நிரல் அடங்கிய கோப்பு உற்பத்தியாளரின் விண்டோஸ் இறுவட்டில் உள்ளது. அதன் உரிமம் கட்டற்றதன்று என்பதால் டெபியன் அதைச் சேர்த்துத் தருவதில்லை. இறுவட்டிலிருந்து அதைப் பிரித்தெடுத்து, ஸேனில் இவ்வகை வருடியை இயக்கும் ஸ்நாப்ஸ்கான் பகுதியின் அமைவுக் கோப்பில் ‘ஃபேர்ம்வெயார்’ எனத் தொடங்கும் வரியில் அதன் முழுப் பாதையையும் எழுதியபின்னரே வருடியின் விளக்கு நகர்ந்தது.

இதற்கான கையேட்டில் ‘நிலைபொருள் கோப்பு’ என்று எழுதியிருந்தேன். உதவிக்கு நின்ற உயர்தர மாணவி, “நிலைபொருள் என்றால் உள்ளேயே நிலைத்திருக்க வேண்டுமே சேர், பிறகு ஏன் ஒவ்வொரு முறையும் அனுப்புகிறோம்?” என்று கேட்டார். என்னிடம் மறுமொழி இல்லை.

‘ஃபேர்ம்வெயார்’ என்ற ஆங்கிலச் சொல்லை 1967இல் அறிமுகப்படுத்திய கணினியியலாளர் ஆஷர் ஓப்லர், மாற்றி எழுதத்தக்க நினைவகத்தில் ஏற்றப்பட்டுச் செயலியை உள்ளிருந்து இயக்கும் நுண்ணிரலையே அதனால் குறித்தார். வன்பொருளுக்கும் மென்பொருளுக்கும் இடைப்பட்ட திண்மையே அச்சொல்லின் கருத்து. நிலைபேறு அதில் இல்லை. அதைத் தமிழில் நாம்தான் ஏற்றிவிட்டோம் என்று நினைக்கிறேன். சில்லிலேயே பதிந்து கிடப்பதற்கு ‘நிலைபொருள்’ தாராளமாகப் பொருந்தும்; அதை மாற்றக் கோரவில்லை. ஒவ்வொரு தடவையும் வெளியிலிருந்து ஊட்டப்படுவதற்கு மட்டும் ‘வார்பொருள்’ என்ற சொல்லை முன்மொழிகிறேன்.

தோட்டத்தில் நீர்ப்பம்பியைத் தொடக்குமுன் குழாயில் ஒரு வாளி தண்ணீர் வார்ப்பதை இப்பகுதியில் அறியாதவர் இல்லை. வார்க்காவிட்டால் இயந்திரம் சுற்றும், தண்ணீர் ஏறாது. எங்கள் வருடியும் பட்டியலில் பெயரைக் காட்டிவிட்டு வேலை செய்யாமல் நின்றது அப்படித்தான். மேலும் வார்பொருள் வினைத்தொகை ஆதலால் ஒற்று மிகாது. வன்பொருள், மென்பொருள் வரிசையிலும் இயல்பாக அமர்கிறது.

‘ஏற்றுபொருள்’ என்றும் எண்ணிப் பார்த்தேன். அது துறைமுகத்துச் சரக்கை நினைவூட்டுகிறது. ஓர் ஆங்கிலச் சொல்லுக்கு இரு தமிழ்ச் சொற்கள் எதற்கு என்ற கேள்வி எனக்குப் பெரிதாகப் படவில்லை, ஏனெனில் பொருள் வேறுபடும் இடத்தில் சொல்லும் வேறுபடலாம். உண்மையான இடையூறு ‘வார்ப்புரு’ (டெம்ப்ளேட்) என்ற சொல்தான். அச்சில் வார்த்தெடுத்த வடிவம் என்ற பொருளில் அது ஏற்கெனவே வேரூன்றிவிட்டதால், கற்போர் இரண்டையும் குழப்பிக்கொள்ளக்கூடும்.

இப்போதைக்குக் கையேட்டின் படியில் நிலைபொருளை அடித்துவிட்டுப் பென்சிலால் ‘வார்பொருள்’ என்று எழுதியிருக்கிறேன். வார்ப்புருவை முன்னிட்டு மறுப்போர், கையேடு அச்சுக்குப் போகுமுன் மாற்றுச் சொல்லுடன் எழுத வேண்டுகிறேன்.