பழைய மடிக்கணினிக்கு ரேமும் எஸ்எஸ்டியும்: எதை முதலில் மாற்றுவது?

மண்டபம் கணக்கர்:

அனைவருக்கும் வணக்கம். மண்டபத்தில் இறால் வாங்கும் ஒரு கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். படகு வாரியாக எடை, கவுண்ட் (கிலோவுக்கு எத்தனை இறால் என்ற எண்ணிக்கை), முன்பணம், பாக்கி என எல்லாமே என் சொந்த மடிக்கணினியில்தான் இருக்கின்றன. அது 2014-இல் வாங்கியது. இன்டெல் ஐ3 நான்காம் தலைமுறைச் செயலி, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்டு டிஸ்க், விண்டோஸ் 10 ஆகியவை அதில் உள்ளன. காலையில் பொத்தானை அழுத்திவிட்டு எதிர்க்கடையில் தேநீர் குடித்துவிட்டு வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். படகுகள் கரைக்கு வந்து எடை போடும் நேரத்தில் எக்செல் கோப்பைத் திறந்தால், டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் 100 சதவீதம் என்று சிவந்து நிற்கிறது. மெமரியும் 85 சதவீதத்துக்குக் கீழே இறங்குவதில்லை.

சென்ற மாதம் ஒரு கடையில் 4 ஜிபி ரேம் ஒன்று வாங்கி, காலியாக இருந்த இரண்டாவது ஸ்லாட்டில் பொருத்தினேன். திரையே வரவில்லை. அதைக் கழற்றியதும் கணினி பழையபடி இயங்கியது. கடைக்காரரோ திரும்பப் பெற முடியாது என்று சொல்லிவிட்டதோடு, பத்து ஆண்டு ஆன கணினியில் பணம் போடுவது வீண், புதியது வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் கடலுக்குப் போகமாட்டா. எனக்கும் வேலை குறைவு. அதற்குள் இதைச் சரிசெய்துவிட நினைக்கிறேன். கையில் இருப்பது ஐயாயிரம் ரூபாய். ரேமை முதலில் மாற்றுவதா, ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டு இல்லாத சேமிப்பகம்) முதலில் போடுவதா? வாங்கிய ரேம் ஏன் வேலை செய்யவில்லை? பின்மூடியில் இரண்டு திருகாணிகள் துருப்பிடித்திருக்கின்றன என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கீழக்கரை சர்வீஸ்:

தம்பி, நீங்கள் வாங்கிய ரேமையும் உள்ளே ஏற்கெனவே இருக்கும் ரேமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அவற்றின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்துப் பாருங்கள். பழையதில் பிசி3எல்-12800எஸ் என்றும் புதியதில் பிசி3-12800எஸ் என்றும் இருக்கும் என்று ஊகிக்கிறேன். அந்த ஓர் எழுத்துதான் உங்கள் பணத்தைத் தின்றிருக்கிறது. எல் என்ற எழுத்து உள்ள டிடிஆர்3எல் வகை ரேம் 1.35 வோல்ட்டில் இயங்குவது; அது இல்லாத சாதாரண டிடிஆர்3 1.5 வோல்ட் கேட்பது. இரண்டுக்கும் 204 கால்கள்தாம் (பின்கள்), நடுவிலுள்ள வெட்டும் ஒரே இடத்தில்தான் இருக்கும் என்பதால் ஸ்லாட்டில் தடங்கலின்றி உட்கார்ந்துவிடும். ஆனால் நான்காம் தலைமுறை மடிக்கணினிகள் பெரும்பாலும் 1.35 வோல்ட்டை மட்டுமே கொடுக்கின்றன; அதனால் திரை வருவதில்லை. டிடிஆர்3எல் துண்டைப் பழைய 1.5 வோல்ட் கணினியில் போட்டால் ஓடும், மறுவழி நடக்காது. டிடிஆர்4 பற்றி நினைக்கவே வேண்டாம். அதற்கு 260 கால்கள், உங்கள் ஸ்லாட்டில் நுழையாது.

எதை முதலில் மாற்றுவது என்றால், சந்தேகமில்லாமல் எஸ்எஸ்டியைத்தான். உங்கள் ஹார்டு டிஸ்க் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும் வகையாகத்தான் இருக்கும். அப்படியானால் ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி ஆகிறது. தேவையான இடம் ஊசிமுனைக்கு வந்து சேர சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். ஊசிக்கை தடம் மாறி நகர்வதற்கு மேலும் பத்து மில்லிவினாடிக்குக் குறையாது. விண்டோஸ் எழும்போது ஆயிரக்கணக்கான சிறு கோப்புகளை இப்படி ஒவ்வொன்றாகத் தேடிப் பிடிக்கிறது என்பதால்தான் உங்களால் தேநீர் குடித்துவிட்டு வர முடிகிறது. எஸ்எஸ்டியில் சுற்றுவதும் இல்லை, நகர்வதும் இல்லை. அதே தேடல் 0.1 மில்லிவினாடியில் முடிந்துவிடும். விளம்பரத்தில் வினாடிக்கு 550 எம்பி என்று போடுகிறார்களே, அந்த எண்ணைவிட இந்தத் தேடும் நேரம்தான் உங்களுக்கு முக்கியம்.

கடையில் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டி என்று தெளிவாகக் கேளுங்கள். இப்போது குச்சி போல வரும் எம்.2 என்விஎம்இ வகையைத்தான் முதலில் எடுத்து நீட்டுவார்கள். 2014-ஆம் ஆண்டுக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் அதற்கு இடமே கிடையாது. எஸ்எஸ்டி 7 மில்லிமீட்டர் தடிமன், பழைய டிஸ்க் 9.5 மில்லிமீட்டராக இருந்தால் டிஸ்க் உட்காரும் தொட்டிலில் ஆடும். எஸ்எஸ்டியோடு வரும் பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டிக்கொண்டால் சரியாகிவிடும்.

எஸ்எஸ்டியைப் பழையதாக வாங்காதீர்கள். அதில் எழுதுவதற்கு ஒரு வரம்பு உண்டு. 240 ஜிபி அளவுள்ள மலிவு வகைகளுக்கு 80 டெராபைட் என்று உற்பத்தியாளர்கள் குறிப்பிடுகிறார்கள். நாளொன்றுக்கு 20 ஜிபி எழுதினாலும் 4,000 நாள், அதாவது பத்து ஆண்டுக்கு மேல் வரும் கணக்கு. முந்தையவர் அதில் எவ்வளவு எழுதித் தீர்த்தார் என்பதைப் பார்க்காமல் வாங்குவது, மீட்டர் பார்க்காமல் பழைய வண்டி வாங்குவதைப் போன்றது. ரேம் அப்படித் தேய்வதில்லை. டிடிஆர்3எல் பழையதாகக் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஒரு முழு இரவு மெம்டெஸ்ட் என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓட்டிப் பிழையில்லை என்று பார்த்துக்கொண்டால் போதும். நான்கு நான்காக இரண்டு துண்டு சேர்ப்பதைவிட ஒரே 8 ஜிபி துண்டாக வாங்குங்கள். உங்கள் செயலி ஒரு ஸ்லாட்டில் 8 ஜிபிக்கு மேல் ஏற்காது. ஆகவே இந்த மாதம் எஸ்எஸ்டி, கையில் பணம் சேர்ந்ததும் ரேம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வாலிநோக்கம் உப்பளம்:

கீழக்கரை காக்கா (அண்ணன்) சொன்னவற்றில் கடைசி வரியை மட்டும் மறுக்கிறேன். துருப்பிடித்த திருகாணி என்று கேள்வியிலேயே இருக்கிறது. நம் கரையில் மடிக்கணினியை இரண்டு முறை திறப்பதைவிட ஒரே முறை திறந்து இரண்டையும் மாற்றிவிடுவது நல்லது. ஒவ்வொரு முறையும் திருகாணியின் தலை கொஞ்சம் தேய்கிறது, நாடாக்கம்பியின் பூட்டு கொஞ்சம் தளர்கிறது.

நான் உப்பளத்தில் வேலை பார்ப்பவன் என்பதால் இதைச் சற்று விரித்தே சொல்கிறேன். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சோற்றுப்பு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகத் தொடங்கும். கடலிலிருந்து காற்றில் வருவது தூய உப்பு அன்று. அதில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடு 33 சதவீத ஈரப்பதத்திலேயே நீரைப் பிடித்துவிடும். விடியற்காலையில் எங்கள் உப்புக் குவியலின் மேல் கையை வைத்தால் வேர்த்ததுபோல் ஈரம் ஒட்டும். விசிறி உள்ளே இழுத்த உப்புத்தூசி மதர்போர்டின் மேல் படிந்திருந்தால், கணினி அணைந்து குளிர்ந்து கிடக்கும் ஒவ்வோர் இரவும் அங்கேயும் இதுதான் நடக்கிறது. தினமும் ஓடும் கணினியைவிடப் பரணில் போட்டு வைத்த கணினி நம் ஊரில் விரைவாகக் கெடுவதற்கும் இதுவே காரணம். ஓடும்போது உள்ளிருக்கும் சூடு ஈரத்தைத் தள்ளி வைக்கிறது.

ஆகவே வெயில் ஏறிய நண்பகலில், கச்சான் காற்று வீடு முழுவதும் மணலைக் கொண்டுவராத ஒரு நாளாகப் பார்த்துத் திறக்கவும். பேட்டரியைக் கழற்றி, பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்திப் பிடித்துவிட்டு உள்ளே கை வைக்கவும். ஸ்லாட்டின் கால்களில் பச்சைக் களிம்போ வெள்ளைப் பூச்சோ தெரிந்தால் 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் மென்மையான பிரஷ்ஷை நனைத்துத் துடைக்கவும். மருந்துக்கடை ஸ்பிரிட்டில் தண்ணீர் கலந்திருக்கும், வேண்டாம். ரேமின் பொன்னிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் தேய்ப்பது மெக்கானிக்குகளிடையே பரவலான வழக்கம். அந்தப் பொன் முலாம் மிக மெல்லியது, அதன் அடியில் நிக்கலும் செம்பும் இருக்கின்றன. தேய்த்துத் தேய்த்துச் செம்பைத் திறந்துவிட்டால் உப்புக்கு விருந்து வைத்ததாகிவிடும்.

தொண்டி ஆசிரியர்:

மூன்று செய்திகளைச் சேர்க்க விரும்புகிறேன். தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பெற்ற கணினிகளை எங்கள் பழைய மாணவர்கள் இன்றும் கொண்டுவருவதால், இந்த வேலையில் எனக்கும் சற்றுப் பழக்கம் உண்டு.

உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்று முதலில் பாருங்கள். 32 பிட்டாக இருந்தால் எவ்வளவு ரேம் போட்டாலும் 4 ஜிபியைக்கூட அது முழுமையாகப் பயன்படுத்தாது. 8 ஜிபி போட்டுவிட்டு, மாற்றமே தெரியவில்லை என்று வருந்திய ஒரு மாணவரின் கணினியில் இதுதான் நடந்திருந்தது.

அடுத்தது, மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11 உங்கள் நான்காம் தலைமுறைச் செயலியை ஏற்பதில்லை. இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அதிகாரபூர்வமாகத் தொடங்குகிறது. எப்படியாவது ஏற்றிவிடும் குறுக்கு வழிகள் இருந்தாலும், பிறர் பணக்கணக்கு இருக்கும் கணினியில் நான் அதைச் செய்யமாட்டேன். எஸ்எஸ்டி மாற்றும் இந்தச் சமயத்திலேயே விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்ளலாம் என்பது என் கருத்து. அதன் 22-ஆம் பதிப்புக்கு 2029 வரை ஆதரவு உண்டு, தமிழ்99 விசைப்பலகை அதில் கிடைக்கிறது, உங்கள் எக்செல் கோப்புகளை லிப்ரெ ஆபிஸ் திறக்கும். எக்செல்லில் மேக்ரோ (தானாக ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதி வைத்திருந்தால் மட்டும் முன்னதாகச் சோதித்துக்கொள்ளுங்கள். விண்டோஸுக்கென எழுதப்பட்ட டேலி போன்ற மென்பொருளை நம்பியிருப்பவருக்கு இந்த யோசனையை நான் சொல்வதில்லை.

மூன்றாவது, எதையும் கழற்றுவதற்கு முன் கணக்குக் கோப்புகளை வேறோர் இடத்தில் நகலெடுத்துவிடுங்கள். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பழைய டிஸ்க்கின் நிலை மஞ்சளாகவோ சிவப்பாகவோ காட்டினால் நகலெடுக்கும் வேலையை அன்றைக்கே முடியுங்கள். டிஸ்க் 100 சதவீதம் என்று நிற்பதற்கு ரேம் பற்றாக்குறை ஒரு காரணம். டிஸ்க்கில் செக்டார்கள் பழுதாகி, ஒரே இடத்தை அது திரும்பத் திரும்பப் படிக்க முயல்வதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மண்டபம் கணக்கர்:

ஐயா, காக்கா, உப்பளத்து அண்ணன், மூவருக்கும் நன்றி. சீட்டைப் பார்த்தேன், காக்கா சொன்னதுபோலவே எல் என்ற எழுத்துதான் வேறுபாடு. என் விண்டோஸ் 64 பிட் என்பதையும் உறுதிசெய்துகொண்டேன். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மஞ்சள் காட்டியது, அதனால் அன்று இரவே எல்லாக் கோப்புகளையும் தங்கையின் கணினியில் நகலெடுத்தேன்.

நேற்று நண்பகலில் திறந்தேன். ஒன்பது திருகாணிகளில் எட்டு வந்துவிட்டன. விசிறிக்குப் பக்கத்து மூலையில் இருந்தது அசையவேயில்லை. தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டைக் குச்சியால் தொட்டு வைத்து, அரை மணி நேரம் பொறுத்து, தலையின் மேல் ஓர் அகலமான ரப்பர் பட்டையை விரித்து அழுத்தித் திருகியபோது கரகரவென்று ஒலித்துக்கொண்டே வந்தது. உள்ளே விசிறியின் இறக்கைகளில் படிந்திருந்தது தூசி என்று சொல்ல முடியாது; நகத்தால் சுரண்டினால் பிசுபிசுவென்று களிபோல் வந்தது. நான் சென்ற மாதம் ரேம் பொருத்திய அந்த இரண்டாவது ஸ்லாட்டில், இடப்பக்கம் ஏழெட்டுக் கால்கள் பச்சையாக இருந்தன. ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்தும், பொருத்தும் ரேமை அது சில வேளை காட்டுகிறது, சில வேளை காட்டுவதில்லை. ஆகவே அந்த ஸ்லாட்டை விட்டுவிட்டேன். பழைய 4 ஜிபியை எடுத்துவிட்டு, பழையதாக வாங்கிய 8 ஜிபி டிடிஆர்3எல் துண்டை முதல் ஸ்லாட்டில் போட்டேன். நான்கு நான்காக வாங்கியிருந்தால் இப்போது நான்கோடுதான் நின்றிருப்பேன்.

240 ஜிபி எஸ்எஸ்டியில் லினக்ஸ் மின்ட் நிறுவியாயிற்று. பொத்தானை அழுத்தியதிலிருந்து கோப்பு திறப்பது வரை கைபேசியில் நேரம் பார்த்தேன், 38 வினாடி. இரண்டு பொருளுக்கும் சேர்த்து நான் ஒதுக்கிய தொகைக்குள் முடிந்துவிட்டது. மெம்டெஸ்ட் இரவு முழுவதும் ஓடிப் பிழை எதுவும் காட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் மீதி இருக்கிறது: பழைய ஹார்டு டிஸ்க்கை யுஎஸ்பி உறையில் போட்டு நகல் வைக்கப் பயன்படுத்தலாமா? முதலில் வாங்கி ஏமாந்த அந்த 1.5 வோல்ட் துண்டும் உறை பிரிக்காததுபோல் கையில் கிடக்கிறது.

கீழக்கரை சர்வீஸ்:

மஞ்சள் காட்டிய டிஸ்க்கில் கணக்கை நம்பி வைக்காதீர்கள், தம்பி. பாட்டு, படம் வேண்டுமானால் போட்டுக்கொள்ளலாம். கணக்குக்குப் புதிய டிஸ்க் ஒன்றில் வாரம் ஒரு நகல் எடுங்கள். எஸ்எஸ்டியிலேயே நகலை எடுத்து அலமாரியில் பூட்டிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் வெக்கையில் கிடந்தால் அதிலுள்ள தரவு மெல்ல மங்கக்கூடியது. விசிறியைக் கழுவியபின் செயலியின் மேல் புதிய தெர்மல் பேஸ்ட் தடவினீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. செயலியின் சூட்டைக் கடத்தும் வெப்பக்குழாயைத் தூக்கியிருந்தால் அது கட்டாயம்.

தொண்டி ஆசிரியர்:

அந்த 1.5 வோல்ட் துண்டை வீசிவிட வேண்டாம். எங்கள் பள்ளியில் பழைய மாணவி ஒருவர் விட்டுச் சென்ற இரண்டாம் தலைமுறை மடிக்கணினி ஒன்று 2 ஜிபி ரேமோடு தவித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு இதுவே சரியான உணவு. விலையைச் சொல்லுங்கள், அடுத்த வாரம் இராமநாதபுரம் வரும்போது நேரில் பெற்றுக்கொள்கிறேன்.

மண்டபம் கணக்கர்:

வெப்பக்குழாயைத் தூக்கவில்லை, காக்கா. விசிறியை மட்டும் தனியே கழற்றித் துடைத்தேன். ஐயா, விலை எதுவும் வேண்டாம். செவ்வாய்க்கிழமை பகல் நான் இராமநாதபுரத்தில்தான் இருப்பேன். துண்டை அதன் நிலைமின் தடுப்பு உறையில் போட்டு, கூடவே ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் வைத்துக் கொண்டுவருகிறேன்.