உடலில் எதையும் மாட்டாமல் மன அழுத்தத்தை அளக்க முடியுமா?

பாமணிக்கரை:
மன்னார்குடிப் பக்கம் எங்கள் ஊர். ஜூன் 12-இல் மேட்டூர் திறக்காது என்ற பேச்சு கிளம்பினாலே அப்பாவுக்கு உறக்கம் கெடுகிறது. கேட்டால் "ஒன்றுமில்லை" என்பார். நான் வாங்கிக் கொடுத்த ஸ்மார்ட் வாட்ச், நடவு நாட்களில் பகல் முழுவதும் "அழுத்தம் அதிகம்" என்றே காட்டியது. அவரோ வயலில் நிற்கும்போதுதான் தெளிவாக இருப்பவர். இப்போது அதைக் கழற்றிப் பத்தாயத்தின் மேல் போட்டுவிட்டார். அவருக்குத் தொந்தரவில்லாமல் அளக்க வேறு வழி உண்டா?

குடமுருட்டி:
இத்தகைய வாட்ச்சுகள் தோலில் பச்சை ஒளியைப் பாய்ச்சி, திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டு அடுத்தடுத்த துடிப்புகளுக்கு இடையிலான நேரத்தைக் கணிக்கின்றன. ஓய்வாக இருக்கையில் அந்த இடைவெளிகள் சற்று முன்பின்னாக இருக்கும். இதயத்தை நிதானப்படுத்தும் வேகஸ் நரம்பின் பிடி தளர்ந்தால் ஏறத்தாழ ஒரே சீராகிவிடும். கவலைப்பட்டாலும் அப்படித்தான், நாற்றுக்கட்டைச் சுமந்து வரப்பில் நடந்தாலும் அப்படித்தான். தோலின் மின்கடத்துதிறனை அளக்கும் கருவிகளுக்கும் இதே சங்கடம் உண்டு: உணர்ச்சிக்கு முதலில் வியர்ப்பவை உள்ளங்கையும் உள்ளங்காலுமே, மணிக்கட்டில் ஊறும் வியர்வையில் பெரும்பங்கு நம் டெல்டாப் புழுக்கத்தைச் சேரும். ஆகவே பகல் கணக்கை விட்டுவிடுங்கள்.

வெண்ணாறு:
இரவுக்கு, மெத்தையின் அடியில் வைக்கும் சென்சார் பட்டை இருக்கிறது. இதயம் ரத்தத்தை வெளித்தள்ளும் ஒவ்வொரு முறையும் உடல் நூலிழை அளவு அசைகிறது; அந்த அசைவிலிருந்து துடிப்பு, மூச்சு, புரளுதல் ஆகியவற்றைப் பட்டை பிரித்தெடுக்கும். தரையில் கோரைப்பாய் விரித்துப் படுப்பவர் என்றால் வாங்குமுன் சோதித்துப் பாருங்கள், ஏனெனில் இவை மெத்தையை மனத்தில் கொண்டு செய்யப்பட்டவை. கட்டிலை ஒட்டி ஓடும் டேபிள் ஃபேனின் அதிர்வும் குழப்பும். முகத்தின் நுண்ணிய நிறமாற்றத்தைக் கொண்டு சாதாரணக் கேமராவால் துடிப்பை அளக்கலாம் என்று 2008-இல் காட்டினார்கள். ஆனால் மங்கிய வெளிச்சத்திலும் கருத்த தோலிலும் அது தடுமாறும். உங்களுக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

அரசலாறு:
எந்தக் கருவியானாலும் உடல் எவ்வளவு முடுக்கப்பட்டிருக்கிறது என்பதையே சொல்லும், காரணத்தைச் சொல்லாது. வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது என்று கேட்டாலும் துடிப்பு ஏறும், வராது என்று கேட்டாலும் ஏறும். முகபாவத்தைப் பார்த்து உணர்ச்சியைக் கணிப்பதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்னும் ஐயத்துக்குரியவை. பணியிடங்களிலும் கல்வி நிலையங்களிலும் உணர்ச்சிக் கணிப்பை ஐரோப்பிய ஒன்றியம், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் நீங்கலாக, 2025 பிப்ரவரி முதல் தடை செய்திருக்கிறது.

அப்பாவுக்குத் தெரியாமல் பட்டையை வைக்காதீர்கள். பின்னர் தெரியவந்தால் அந்த "ஒன்றுமில்லை"கூட வராது. சொல்லி, அவர் சம்மதித்தால் வையுங்கள். மற்றவர்களின் சராசரியோடு ஒப்பிடாமல், வேலை குறைந்த நாட்களில் அவருக்கே இருந்த இரவு அளவோடு ஒப்பிடுங்கள். உறக்கமின்மை வாரக்கணக்கில் நீடித்தால் பட்டையின் எண்ணுக்காகக் காத்திராமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். அதற்கு முன் பேசிப் பார்க்க அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண் 14416 இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.