பழைய லண்டன் அண்டர்கிரவுண்ட் போர்டு, இது கில் சான்ஸ் ஃபான்ட் தானே?

மாடல் ரயிலுக்கு 1930கள்ல இருந்த மாதிரி ஒரு ஸ்டேஷன் பெயர்ப்பலகை பண்றேன், அதான் சிவப்பு வளையம் நடுவுல நீலப் பட்டை. கில் சான்ஸ்ல பெயரை அடிச்சு பழைய போட்டோ பக்கத்துல வச்சா கிட்டத்தட்ட அதேதான், ஆனா ஏதோ ஒண்ணு உதைக்குது. ரெண்டு நாளா முறைச்சுப் பாத்துட்டு இருக்கேன், யாராச்சும் சொல்லுங்க.

பதில் 1:
அது ஜான்ஸ்டன்ங்கிற ஃபான்ட்ங்க. அண்டர்கிரவுண்ட் நிர்வாகி ஃபிராங்க் பிக் கேட்டு எட்வர்ட் ஜான்ஸ்டன் வரைஞ்சது, 1916ல புழக்கத்துக்கு வந்துச்சு. எரிக் கில் அவர்கிட்ட படிச்சவர், அவர் வரைஞ்ச கில் சான்ஸ் வந்தது 1928ல, அதான் அந்த குடும்ப ஜாடை. இங்கிலீஷ் சின்ன எழுத்து 'ஐ' (i) புள்ளியைப் பாருங்க, ஜான்ஸ்டன்ல டைமண்ட் மாதிரி இருக்கும், கில்ல உருண்டை.

பதில் 2:
டைமண்ட் புள்ளி எல்லாரும் சொல்றதுதான், ஆனா அவர் பண்றது ஸ்டேஷன் பேருங்க, மொத்தமும் பெரிய எழுத்து, அதுல புள்ளிக்கு எங்க போறது? 'ஆர்' (R) எழுத்தோட காலைப் பாருங்க. கில்ல அது லேசா வளைஞ்சு நீளும், ஜான்ஸ்டன்ல ரூலர் வச்ச மாதிரி நேரா இறங்கும். அப்புறம் ஜான்ஸ்டன் 'ஓ' (O), காம்பஸ் வச்சுப் போட்ட வட்டம்.

கேட்டவர்:
ஆர் கால்!! அதேதான் சார், இப்ப அதைத் தவிர வேற எதுவும் கண்ணுல படல 😄 நெட்ல ஜான்ஸ்டன்னு ஒரு ஃபான்ட் கிடைச்சுது, போட்டுடலாமா?

பதில் 3:
அவசரப்படாதீங்க ப்ரோ, முதல்ல அது எந்த ஜான்ஸ்டன்னு பாருங்க. 1979ல எயிச்சி கோனோ திருத்தி வரைஞ்ச நியூ ஜான்ஸ்டன் ஒண்ணு இருக்கு, 2016ல நூறாவது வருஷத்துக்கு மோனோடைப்ங்கிற ஃபான்ட் கம்பெனி பண்ண ஜான்ஸ்டன்100 ஒண்ணு இருக்கு, ரெண்டும் உங்க 1930 போர்டுக்கு ஒட்டாது. சரியானது கிடைச்சாலும் அப்படியே டைப் பண்ணி விட்டுடாதீங்க, அந்தக் காலத்து போர்டுல ஏது கம்ப்யூட்டர் இடைவெளி, அதனால போட்டோவைப் பாத்து ஒவ்வொரு எழுத்தா நகர்த்துங்க. இன்னொண்ணு, ஒரிஜினல் எனாமல் தகடு, கண்ணாடிப் பொடியை இரும்புல பூசி சூளையில சுட்டது, அதனால மேட் பெயின்ட் அடிச்சா செத்துப்போயிடும், மேல ஒரு கோட் பளபளன்னு இருக்கிற கிளாஸ் (gloss) வார்னிஷ் கண்டிப்பா போடுங்க.