இசையால் நாட்பட்ட வலி குறைவதற்கு ஒரு கலைச்சொல்

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

நாட்பட்ட வலியுடையோர்க்கான தமிழ்க் கையேட்டில் இசை கேட்பதால் வலி குறைவதைக் குறிக்கும் ‘மியூசிக் இண்டியூஸ்டு அனல்ஜீசியா’ என்பதை எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். ‘இசைச் சிகிச்சை’, ‘இசைத்தூண்டல் வலிநீக்கம்’, ‘இசை நிவாரணம்’ என்று மூன்று பரிந்துரைகள் வந்தன. எங்கள் இயன்முறை மருத்துவப் பிரிவுக்கு வருவோரிடம் மூன்றையும் சொல்லிப் பார்த்தேன். மூன்றும் பொருந்தவில்லை என்பதே என் கருத்து.

‘நீக்கம்’ என்ற சொல் ஆய்வுகள் தருவதைவிட அதிகமாக வாக்களிக்கிறது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் காக்ரன் அமைப்பு 2006இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, பெரும்பாலும் அறுவைக்குப் பிந்தைய வலி போன்ற குறுகியகால வலிகளைப் பற்றிய 51 ஆய்வுகளைத் திரட்டி, இசை கேட்டவர்களின் வலி 0 முதல் 10 வரையிலான அளவுகோலில் ஏறத்தாழ அரைப் புள்ளிதான் குறைந்தது என்றும், வலி மருந்தின் தேவையும் ஓரளவே குறைந்தது என்றும் கண்டது. நாட்பட்ட வலிக்கென்றே 14 ஆய்வுகளைத் தொகுத்து 2017இல் வந்த கட்டுரை, வலியோடு மனச்சோர்வும் குறைவதைக் காட்டியது. அதிலும் குறைவு என்ற பேச்சுதான் உண்டு, இல்லாமற்போதல் என்ற பேச்சில்லை. மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியையே உலக நலவாழ்வு நிறுவனத்தின் நோய்ப் பகுப்பு நாட்பட்ட வலி என்கிறது. ஆண்டுக்கணக்கில் அதனோடு வாழ்கிறவரிடம் ‘நீக்கம்’ என்று எழுதிக் கொடுத்தால், ஒரு வாரம் பாட்டுக் கேட்டுவிட்டு அடுத்த வாரம் கையேட்டைத் தூக்கி எறிந்துவிடுவார். ஆங்கிலத்திலேயே சிலர், வலியின்மை என்று பொருள்படும் ‘அனல்ஜீசியா’வை விட்டு, வலி குறைதல் என்று பொருள்படும் ‘ஹைப்போஅல்ஜீசியா’வுக்கு மாறியிருக்கிறார்கள்.

அம்மாப்பேட்டையிலிருந்து வரும் விசைத்தறிக்காரர் ஒருவர், வீட்டில் பாட்டுக் கேட்டுப் பார்த்ததைப் பற்றி, “வலி போகலீங்க, கொஞ்சம் தணிஞ்ச மாதிரி இருக்குது” என்றார். காய்ச்சலுக்கும் பசிக்கும் கோபத்துக்கும் நாம் இயல்பாகச் சொல்லும் வினை அது. மூலம் அப்படியே இருக்க, அதன் வேகம் மட்டும் அடங்குவதை ‘தணி’ சொல்லிவிடுகிறது.

‘தூண்டல்’ என்பது ‘இண்டியூஸ்டு’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது. வலிக்குப் பக்கத்தில் அது நிற்கும்போது வலியைத் தூண்டுவதாகவே காதில் விழுகிறது. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறைத் தொழிலாளி ஒருவர் அப்படித்தான் புரிந்துகொண்டார். ‘நிவாரணம்’ புயல், வெள்ளத்துக்குப் பிந்தைய உதவித்தொகையை நினைவூட்டுவதால் அதை விட்டுவிடலாம்.

‘இசைச் சிகிச்சை’யை நான் மறுப்பதற்குக் காரணம் வேறு. பயிற்சி பெற்ற ஒருவர் நோயாளரோடு உறவு ஏற்படுத்திக்கொண்டு, பாடவைத்து, தாளம் தட்டவைத்து நடத்துவது இசைச் சிகிச்சை. ஒருவர் தனக்குப் பிடித்த பாட்டைத் தானே கேட்பதற்கும் அதே பெயரைக் கொடுத்தால் இரண்டையும் குழப்பிவிடுவோம். தவிரவும், இந்த ராகம் இந்த நோய்க்கு என்று பட்டியல் போட்டு விற்கிறவர்களுக்கு நாமே சொல்லை எடுத்துக் கொடுத்ததுபோல் ஆகும். 2017 கட்டுரையோ, ஆய்வாளர் தேர்ந்த இசையைவிட நோயாளர் தாமே தேர்ந்த இசைக்கே பயன் கூடுதல் என்கிறது.

ஆகவே நான் முன்வைப்பது ‘இசைவழி வலித்தணிவு’. ‘வழி’யை எடுத்தால் ‘இசைவலி’ என்று தொடங்கிவிடும்; பக்கத்து வீட்டு ஒலிபெருக்கிக்கு வேண்டுமானால் அது பொருந்தும்.

அஸ்தம்பட்டி, சேலம்

———

அன்புடையீர்,

தணிவுக்கு என் இசைவு. ‘இசைத்தணிவு’ என்று சுருக்கலாமா என எண்ணிப் பார்த்தேன். பாட்டின் ஒலி குறைவதாகவே அது படும். ஆறாம் வேற்றுமைத் தொகையாகக் கொண்டால் ‘வலித்தணிவு’ என்று ஒற்று மிகுவதில் பிழையில்லை.

பழைய சான்று ஒன்றும் உண்டு. புறநானூற்று 281ஆம் பாடலில், போரில் புண்பட்டுக் கிடக்கும் தலைவனைக் காக்க வீட்டில் இரவம் என்னும் மரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் செருகி, யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணி அடித்து, காஞ்சிப் பண் பாடி, நறும்புகை எழுப்பித் தோழியர் ஒருவரையொருவர் அழைப்பதாக அரிசில்கிழார் பாடுகிறார். அது புதுப்புண்ணின் வலி; பேயை அண்டவிடாத சடங்கும் அதில் கலந்திருக்கிறது. எனவே நாட்பட்ட வலிக்கு அதை முன்னோடியாகக் காட்டுவது மிகையாகும். எனினும் வேம்போடும் புகையோடும் இசையை ஒரு துணையாக மட்டும் வைத்திருப்பது தங்கள் கருத்தோடு ஒத்துப்போகிறது.

நிகழ்வுக்குப் பெயர் கிடைத்தது. அதற்குப் பயன்படும் இசையை ‘வலிதணி இசை’ என்று வினைத்தொகையாக்கலாமா?

ஏற்காடு

———

ஐயா,

வினைத்தொகை அழகாக இருக்கிறது. ஆனால் ‘வலிதணி இசை’ என்றதும், அப்படி ஒரு தனிவகை இசை கடையில் கிடைக்கும் என்று வாசகர் நினைப்பார். பிரான்சில் 87 நாட்பட்ட வலி நோயாளரிடம் நடந்து 2012இல் வெளிவந்த ஆய்வில், வேகம் மெல்லக் குறைந்து பிறகு ஏறும்படி இசையை ஆய்வாளர்களே அமைத்திருந்தார்கள். அங்கும் எந்தப் பாணி இசை என்பது நோயாளரின் தேர்வாகவே இருந்தது. மேளமும் நாயனமும் கேட்டால்தான் உடம்பு லேசாகிறது என்று சொல்பவர் எங்களிடம் உண்டு. தாலாட்டுப்போல் மெதுவாக ஒலிப்பதைக் கேட்டால் அவருக்கு எரிச்சல்தான் மிஞ்சுகிறது. ஆகவே இசைக்கு ‘விருப்ப இசை’ என்றே எழுதி, நிகழ்வுக்கு மட்டும் ‘இசைவழி வலித்தணிவு’ என்று வைத்துக்கொள்கிறேன். கையேட்டின் முதற்படி அச்சுக்குப் போகுமுன் மறுப்பிருந்தால் நண்பர்கள் எழுதுங்கள்.

அஸ்தம்பட்டி, சேலம்