சி1 லிசனிங் நாலாம் பகுதியில் 5ஐத் தாண்ட முடியவில்லை

கொழும்பு, வெள்ளவத்தை. கேம்பிரிட்ஜ் சி1 அட்வான்ஸ்ட் ஆங்கிலப் பரீட்சைக்கு இன்னும் ஆறு கிழமை. லிசனிங்கில் (கேட்டல்) முதல் மூன்று பகுதிகளுக்கும் சேர்த்து 20க்கு 16, 17 வருகிறது. நாலாம் பகுதியில் மட்டும் 10க்கு 4, மிஞ்சினால் 5.

ஐந்து பேர் ஆளுக்கு அரை நிமிடமளவில் பேசுவார்கள். ஒவ்வொருவருக்கும் இரண்டு கேள்வி, கேள்விக்கு எட்டுத் தெரிவுகள். ஒலிப்பதிவு இரண்டு தடவை ஓடும். பேச்சு விளங்குகிறது, பொறியில்தான் விழுகிறேன். வேலையை ஏன் விட்டார் என்பது கேள்வி என்றால், "சம்பளம் குறைவுதான், அதைச் சமாளித்திருப்பேன்" என்று தொடங்குவார். நான் சம்பளத்தைக் குறித்து முடிப்பதற்குள் உண்மையான காரணம் போய்விடும். ஒருவரைப் பிழையாகப் போட்டால் அந்தத் தெரிவு இன்னொருவருக்கும் கிடைக்காது, இரண்டு புள்ளி போச்சு.

செய்து பார்த்தவை: 12 பயிற்சித் தாள்கள். பிழைத்த இடங்களை எழுத்துப் பிரதியோடு ஒப்பிட்டு, "ஆனால்" வகைச் சொற்களுக்குக் கீழ் கோடு. 1.25 மடங்கு வேகத்தில் கேட்டல். ஸ்பீக்கரை விட்டு ஹெட்போனுக்கும் மாறினேன். காலி வீதி பஸ் ஹோர்னைக் குறை சொல்ல வழியில்லை. தெரிவுகளைச் சொந்தச் சொல்லில் மாற்றி எழுதலாமென்றால் வாசிக்கத் தரும் 45 விநாடி போதவில்லை.

ரீடிங்கில் ஏழாம் பகுதியும் இழுக்கிறது, ஆனால் அது நேரப் பிரச்சினை, பிறகு பார்க்கலாம்.

7க்கு மேல் எடுத்தவர்களிடம் ஒரே கேள்வி: முதல் தடவை முதற்கேள்வி, அடுத்த தடவை இரண்டாவது என்று பிரித்துச் செய்தீர்களா, இரண்டையும் சேர்த்தே செய்தீர்களா?