மூன்றடிக் கண்ணாடித் தொட்டியில் சாப்பாட்டு மீனும் இறாலும் மட்டியும் வளருமா?

மாடிவீட்டார் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் அடுக்ககம் ஒன்றில் குடியிருக்கிறோம். கொளத்தூரில் வாங்கிய கண்ணாடித் தொட்டி ஒன்று, மூன்றடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்டது, தங்கமீன்கள் இறந்தபின் ஓராண்டாகக் காலியாகக் கிடக்கிறது. அதில் பத்து ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகளையும் இருபது நன்னீர் இறால் குஞ்சுகளையும் விட்டு, அடியில் மணல் பரப்பிக் கொஞ்சம் மட்டியும் வளர்த்து, ஆறு மாதம் கழித்துச் சமைத்து உண்ணலாம் என்று எண்ணுகிறேன். மட்டி நீரை வடிகட்டும் என்று படித்ததால் தனியாக வடிகட்டி வேண்டியதில்லை என்பது என் கணக்கு. மூன்றும் ஒரே தொட்டியில் ஒத்துப்போகுமா? முன்பு தங்கமீன்களுக்கு வெள்ளைப்புள்ளி நோய் வந்தபோது இதே தொட்டியில் பச்சை மருந்து பலமுறை ஊற்றியிருக்கிறேன். அதனால் ஏதும் கெடுதல் உண்டா என்பதையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

குளத்துக்காரர்:

வணக்கம் ஐயா. உங்கள் தொட்டி விளிம்புவரை நிரப்பினால் 190 லிட்டர் பிடிக்கும். மேலே இடைவெளி விட்டால் 170 லிட்டர்தான் மிஞ்சும். மீனுக்கு நீந்த இடம் போதுமா என்பதைவிட, நீங்கள் போடும் தீவனத்தின் கழிவை அந்த நீர் தாங்குமா என்பதே முதல் கேள்வி.

ஆறு மீன்கள் தலைக்கு 300 கிராம் வரை வளர்ந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். மொத்த எடை 1.8 கிலோ, அதில் நூற்றுக்கு இரண்டு பங்கு என்றால் ஒரு நாள் தீவனம் 36 கிராம். நூற்றுக்கு முப்பது பங்கு புரதமுள்ள தீவனத்தில் 36 கிராமுக்குள் ஏறத்தாழ 1.7 கிராம் நைட்ரஜன் இருக்கிறது. மீனின் உடலில் தங்குவது அதில் மூன்றில் ஒரு பங்குகூட இருக்காது. மற்றதெல்லாம் பெரும்பாலும் மீனுக்கு நஞ்சான அம்மோனியாவாக நீருக்கே திரும்பி வருகிறது. உங்கள் தொட்டியில் அது ஒரு நாளைக்கு, ஒவ்வொரு லிட்டருக்கும், 6 மில்லிகிராம் நைட்ரஜன் அளவுக்கு ஏறும். அதை நைட்ரைட்டாகவும் பின்பு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா வடிகட்டியில் குடியேற நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குமுன் குஞ்சு விட்டால் இரண்டாம் வாரமே மீன்கள் வாயைத் திறந்தபடி நீர்மட்டத்துக்கு வந்து நிற்கும். ஆகவே பத்து வேண்டாம், ஆறே விடுங்கள். நல்ல வடிகட்டியும் காற்று மோட்டாரும் கட்டாயம். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரையாவது மாற்றுங்கள். நைட்ரேட் சேரச் சேர இன்னும் அடிக்கடி மாற்ற வேண்டிவரும். குழாய்நீரில் குளோரின் இருந்தால் அதை நீக்கிவிட்டே ஊற்ற வேண்டும்.

குஞ்சு வாங்கும்போது இனத்தைக் கேட்டு வாங்குங்கள். 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட பழைய ஜிலேபி இரண்டு மூன்று மாதத்திலேயே முட்டையிடத் தொடங்கிவிடும். தாய்மீன் முட்டைகளை வாயில் அடைகாத்துக்கொண்டு தீனி எடுக்காமல் கிடக்கும். கடைசியில் தொட்டி முழுவதும் விரல் நீளப் பொடி மீன்கள்தான் மிஞ்சும். பிலிப்பீன்சில் 1988-இல் தொடங்கிய தெரிவு இனப்பெருக்கத்தில் உருவான கிஃப்ட் திலேப்பியா என்னும் ஜிலேபி வகையில் ஆண் குஞ்சுகளை மட்டும் வாங்கினால் இந்தத் தொல்லை இல்லை. அது மரபணு மாற்றிய மீன் என்று சிலர் அஞ்சுகிறார்கள்; நன்கு வளர்ந்தவற்றைத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த இனம்தான் அது. வளர்க்கும் விதிமுறைகளை மீன்வளத் துறை அலுவலகத்தில் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். எக்காரணம் கொண்டும் மிச்சக் குஞ்சுகளை ஏரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள்.

இறால் பிரியர்:

இறாலை அந்த மீன்களோடு விட வேண்டாம். நன்னீர் இறால் வளரும்போதெல்லாம் ஓடு உரிக்கும். உரித்த சில மணி நேரம் உடல் மெத்தென்று இருக்கும். அந்த வேளையில் ஜிலேபியும் விடாது, கூடப் பிறந்த இறாலும் விடாது. நான் இதே அளவுத் தொட்டியில் இருபத்தைந்து குஞ்சுகள் விட்டு, ஐந்து மாதத்தில் நான்கைத்தான் எடுத்தேன். அந்த நான்கில் ஒன்று நீலக்கால் ஆண், அதாவது நீண்ட நீலக் கிடுக்கிக் கால்கள் கொண்ட பெரிய ஆண் இறால். மற்ற மூன்றையும் மூலையிலேயே ஒடுக்கி வைத்திருந்தது.

அடுத்த முறை பிவிசி குழாய்த் துண்டுகளையும் ஓட்டுத் துண்டுகளையும் அடுக்கி ஒளிவிடம் அமைத்து, எட்டுக் குஞ்சுகள் மட்டும் விட்டபோது ஐந்து தேறின. ஒரு வேளைக் குழம்புக்கு அது போதும் என்றால் செய்யலாம். லாபக் கணக்கு பார்த்தால் மார்க்கெட்டுக்குப் போவதே மேல். வீட்டில் குஞ்சு பொரிக்கச் செய்யலாம் என்றும் நம்பவேண்டாம். வளர்வது நன்னீரில் என்றாலும், இளம்புழுப் பருவத்துக்கு உவர்நீர் வேண்டும். தொட்டிக்கு மூடி போடுங்கள், இரவில் ஏறி வெளியே வந்துவிடும்.

பழைய தொட்டிக்காரி:

மட்டியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அது நீரை வடிகட்டுவது உண்மைதான். ஆனால் வடிகட்டித் தின்பது நீரில் மிதக்கும் நுண்பாசியை. தெளிந்த கண்ணாடித் தொட்டியில் அதற்கு உணவே இராது. ஓடுகளை மூடிக்கொண்டே சில வாரத்தில் பட்டினியால் இறக்கும். அம்மோனியாவை அது நீக்காது, தானும் கொஞ்சம் சேர்க்கும். மணலுக்குள் ஒன்று செத்து அழுகினால் ஒரே இரவில் தொட்டி நீர் முழுவதும் நாறிவிடும். மேலும் நாம் உண்ணும் மட்டிகள் கழிமுகத்து உவர்நீரில் வாழ்பவை. நன்னீரில் அவை நிற்கா. கடையில் உயிருடன் வாங்கியதை, பிடித்த இடத்து நீரிலேயே ஓரிரவு வைத்து மணலைக் கக்கச் செய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நீங்கள் கடைசியில் கேட்டதுதான் எனக்குக் கவலை தருகிறது. அந்தப் பச்சை மருந்து பெரும்பாலும் மாலகைட் பச்சையாக இருக்கும். அலங்கார மீன்களுக்குப் பயன்படுத்தும் அந்தச் சாயத்தை, உணவு மீனுக்குப் பயன்படுத்த ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் அனுமதிப்பதில்லை. மீனின் சதையில் நிறமற்ற வேறொரு வடிவமாக மாறி நெடுநாள் தங்கும். தொட்டி ஓரத்துச் சிலிக்கான் பசை நீலப்பச்சையாகத் தெரிந்தால், சாயம் அதில் ஊறியிருக்கிறது என்று பொருள். தாமிரம் கலந்த மருந்து ஏதும் முன்பு ஊற்றியிருந்தால் இறாலுக்கு அது நஞ்சு. பழைய கற்களையும் மணலையும் எறிந்துவிடுங்கள். நானாக இருந்தால் இந்தத் தொட்டியை அலங்கார மீனுக்கே விட்டுவிட்டு, உணவு மீனுக்கு மருந்தே படாத புதிய பிளாஸ்டிக் தொட்டி வாங்குவேன்.

இன்னொன்று: பாசி படிந்த நீரில் வளர்ந்த மீனில் மண்வாடை வரும். ஜியோஸ்மின் என்னும் பொருள்தான் காரணம். எத்தனை மஞ்சள் தடவினாலும், எத்தனை முறை அலசினாலும் முழுவதும் போகாது. சமைப்பதற்கு நான்கைந்து நாள் முன்பே வேறொரு சுத்தமான தொட்டிக்கு மாற்றி, தீனி போடாமல் வைத்து, நாள்தோறும் நீர் மாற்றினால் பெருமளவு குறையும்.

மாடிவீட்டார்:

அனைவருக்கும் நன்றி. இப்போதுதான் விளக்கடித்துப் பார்த்தேன். ஓரப்பசை நான்கு மூலையிலும் பச்சையாகத்தான் இருக்கிறது. மட்டியைக் கைவிட்டேன், இறாலையும் இப்போதைக்குத் தள்ளிவைக்கிறேன். மொட்டைமாடியில் 500 லிட்டர் பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி வைக்கச் சங்கம் ஒப்புக்கொண்டால், ஜிலேபி எத்தனை விடலாம்?

குளத்துக்காரர்:

முதல் முறைக்குப் பதினைந்துக்கு மேல் வேண்டாம். வெயில் நேராகப் படாதபடி பச்சை நிழல்வலை கட்டுங்கள். நீர் சூடாக ஆகக் கரையும் ஆக்சிஜன் குறையும், மின்சாரம் போகும் கோடை இரவில்தான் மீன் சாகும். பேட்டரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்றை முதலிலேயே வாங்கி வையுங்கள். தொட்டி நிரம்பினால் அரை டன் எடை என்பதால், தளம் தாங்குமா என்று பொறியாளர் ஒருவரிடம் கேட்டுவிட்டுச் சங்கத்திடம் போங்கள்.